உஷார்! மருந்தைக் குறைத்தாலும் துப்பாக்கி வெடிக்கும்!

தோட்டாவில் மருந்து கூடினால் ஆபத்து. இது எல்லாருக்கும் தெரியும்.

மருந்து குறைந்தாலும் ஆபத்து. இது பலருக்குத் தெரியாது!

தெரியாதவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? விளையாட்டுப் பிள்ளைகளா? இல்லை. தராசு வைத்து அளப்பவர்கள். நோட்டுப் போட்டு எழுதிவைப்பவர்கள். "நான் எப்பவுமே கம்மியாத்தாங்க போடுவேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள். அந்தப் பெருமைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் அமெரிக்காவைப் பற்றியது. அங்கே சுட்டுப் பழகும் பொழுதுபோக்கு உள்ளவர்களில் நிறையப் பேர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, மருந்துக்குத் தீ மூட்டும் பிரைமரைப் புதிதாகப் பொருத்தி, மருந்து கொட்டி, குண்டை அழுத்தி வீட்டிலேயே தயாரிக்கிறார்கள். ரீலோடிங் என்பார்கள். இன்னும் சிக்கனம் வேண்டும் என்பவர்கள் குண்டையும் தாங்களே ஈயத்தில் வார்த்துக்கொள்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு இப்படிச் செய்ய அங்கே கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்றால் தேவை.

நம் ஊரில் இதைப் படித்துவிட்டு யாரும் ஆசைப்பட வேண்டாம். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கிறீர்களா? துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதையே அந்த நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் "பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார், சும்மா போனேன்" என்பது விலக்கு ஆகாது. வக்கீலைக் கேட்காமல் தொடாதீர்கள்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

டெக்சாஸில் ஒருவர். பெயர் வேண்டாம். பல வருஷமாக கேரேஜில் தோட்டா தயாரிப்பவர். மேசை துடைத்துவைத்த மாதிரி இருக்கும் என்று அவர் மனைவி சொல்வார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் மேசைமேல் இருக்குமாம். அவ்வளவு கட்டுப்பாடு. .357 மேக்னம் ரிவால்வர், தானே வார்த்த ஈயக்குண்டு, மருந்து ஹெச்110. மெதுவாக எரியும் கைத்துப்பாக்கி மருந்துகளில் பெயர் பெற்றது அது.

காலேஜில் படிக்கும் மகள் "நானும் வரேன்ப்பா" என்றிருக்கிறாள். அப்பாவுக்குச் சந்தோஷம். பெண் கைக்கு அதிராமல் இருக்கட்டும் என்று, புத்தகத்தில் போட்டிருந்த அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டார். பாசத்தில் செய்த காரியம்!

சுடுகளத்தில் முதலில் தானே சுட்டுப் பார்க்கலாம் என்று நின்றார். முதல் தோட்டா சரியாகப் போயிற்று. இரண்டாவது, வெறும் "டப்". காதில் அடைப்பான், பக்கத்துத் தடங்களில் மற்றவர்கள் சுடும் சத்தம். அவருக்கு அது தனியாகக் கேட்கவில்லை. கை உதறவில்லை என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. "மெதுவான தோட்டாதானே செஞ்சோம், அப்படித்தான் இருக்கும்" என்று மனசு சமாதானம் சொல்லிவிட்டது. எதிரே மேசைமேல் சாம்பல் நிறத்தில் மணிமணியாகத் தூள் சிந்திக்கிடந்தது. எரியாத மருந்து! அதையும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு விசையை மறுபடி இழுத்தார். மூன்றாவது தோட்டா முழு வேகத்தில் எரிந்தது.

இரண்டாவது குண்டு வெளியே போகவே இல்லை. குழலுக்குள் பாதி வழியில் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது போய் அதன் முதுகில் மோதியது. குழல் நடுவில் வளையமாகப் புடைத்துவிட்டது. தோட்டா இருக்கும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகச் சீறிய வாயு இடது கைக் கட்டைவிரலைக் கிழித்தது. தையல் போட்டார்கள். விரல் தப்பியது.

அடுத்த முறை மகளுடையது. கண்ணாடியும் காதடைப்பானும் மாட்டிக்கொண்டு பின்னால் காத்திருந்தாள்.

இதில் அவர் மருந்தை மாற்றிப் போட்டாரா? இல்லை. இரண்டு தடவை கொட்டினாரா? இல்லை. தராசு பழுதா? அதுவும் இல்லை.

குறைத்துப் போட்டார். அவ்வளவுதான்!

ஏன் இப்படி ஆகிறது? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இதுதான் முக்கியம்.

இந்தக் காலத்து மருந்து அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஏற ஏற வேகமாக எரியும். அழுத்தம் இறங்கினால் அதன் வேகமும் இறங்கும். புல்ஸ்ஐ, டைட்குரூப் மாதிரி வேக மருந்துகள் கொஞ்சம் அழுத்தத்திலேயே பிடித்துக்கொள்ளும். ஹெச்110 போன்ற மெதுவான மருந்துகளின் மணிகளுக்கு மேல், எரிதலைத் தாமதப்படுத்தும் பூச்சு உண்டு. அவை முழுதாக எரிய நல்ல அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? கூடு கிட்டத்தட்ட நிரம்பியிருக்க வேண்டும். குண்டு கனமாக இருக்க வேண்டும். கூட்டின் வாய் குண்டை இறுக்கிக் கவ்வியிருக்க வேண்டும். பிரைமரின் தீ பலமாக இருக்க வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் தடுமாற்றம் தொடங்கும்.

மருந்தைக் குறைத்தால் கூட்டுக்குள் காலி இடம் வருகிறது. துப்பாக்கியைச் சாய்த்தால் மருந்து முன்பக்கம் போய்விடும், நிமிர்த்தினால் பின்பக்கம் வந்துவிடும். பிரைமரின் தீ ஒரு தடவை நன்றாகப் பிடிக்கும், ஒரு தடவை பாதியில் அணையும். பிரைமர் மட்டும் வெடித்தாலே குண்டைக் கூட்டிலிருந்து பிடுங்கிக் குழலுக்குள் தள்ளிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். குண்டு போய் உட்கார்ந்துவிடும். மருந்து எரியாமல் கொட்டிவிடும். ஒரே டப்பாவில், ஒரே நாளில், ஒரே அளவில் செய்த தோட்டாக்களில் ஒன்று இப்படியும் அடுத்தது அப்படியும் நடந்துகொள்ளும். பயமே அங்கேதான்.

வார்த்த ஈயக்குண்டு இதை இன்னும் மோசமாக்கும். செம்பு உறை போட்ட குண்டு குழலின் வரிகளுக்குள் இறங்க முரண்டு பிடிக்கும். அந்த முரண்டும் அழுத்தம் ஏற ஒரு காரணம். ஈயக்குண்டு மிருது, மேலே மெழுகு பூசியது, எளிதாக வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால்தான் உறைக்குண்டுக்குப் போட்டிருக்கும் அளவை ஈயக்குண்டுக்கு எடுத்து வைக்கக் கூடாது. ஈயக்குண்டின் அளவை உறைக்குண்டுக்கும் வைக்கக் கூடாது. எடை ஒன்றாக இருந்தாலும் கூடாது!

ஹெச்110-ஐ விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. தாங்கள் வெளியிட்ட அளவில் 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதீர்கள் என்று. 3 சதவீதம்! வெறும் கணக்குக்காகச் சொல்கிறேன், 20 கிரெயின் என்றால் 0.6 கிரெயின்தான் குறைக்க இடம். ஒரு கிரெயின் என்பது 0.065 கிராம் என்று நினைவில் வைத்து யோசித்துப் பாருங்கள்.

இங்கேதான் அனுபவஸ்தர்களே சறுக்குகிறார்கள். மற்ற மருந்துகள் பலவற்றுக்கு ஒரு பொதுவிதி உண்டு. உச்ச அளவிலிருந்து 10 சதவீதம் குறைத்துத் தொடங்கு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. நல்ல விதி. பாதுகாப்பான விதி. அதே விதியை ஹெச்110-க்குக் கொண்டுவந்தால் அது பாதுகாப்பு இல்லை, வினை. சமையலில் உப்பு குறைந்தால் இலையில் வைத்துக்கொள்ளலாம். இந்தச் சமையலில் அந்தச் சலுகை கிடையாது.

இன்னொன்று. டபிள்யூ296 என்று ஒரு மருந்து கடையில் இருக்கும். வின்செஸ்டர் பெயரில் வரும். ஹெச்110-ம் அதுவும் ஒரே மருந்து, பெயர்தான் இரண்டு. அதனால் "ஹெச்110 வேண்டாம், 296 வாங்கிக் குறைத்துக்கொள்கிறேன்" என்று ஏமாறாதீர்கள்.

அப்படியானால் மெதுவான மருந்து எல்லாமே இப்படியா? இல்லை. அல்லையன்ட் நிறுவனத்தின் 2400 கொஞ்சம் பொறுத்துப்போகும் என்று பெயர் வாங்கியது. முன்பு ஹெர்குலிஸ் பெயரில் வந்தது. ஐடஹோவில் பண்ணை நடத்திக்கொண்டு துப்பாக்கிகளைப் பற்றி எழுதிய எல்மர் கீத், கனமான வார்ப்புக் குண்டையும் 2400-ஐயும் வைத்துச் செய்த சோதனைகள்தான் 1955-இல் .44 மேக்னம் பிறக்க வழிசெய்தன. அதனாலேயே வார்ப்புக் குண்டுக்காரர்களுக்கு அந்த மருந்தின்மேல் ஒரு பக்தி. பக்தி இருக்கட்டும். ஆனால் பழைய பத்திரிகைக் கட்டுரையில் அவர் எழுதிய அளவை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்! அவர் காலத்துக் கூடு வேறு, பிரைமர் வேறு. ஹெச்110-க்கு மேக்னம் பிரைமர் கேட்கும் புத்தகம், 2400-க்குச் சாதாரண பிரைமரோடு அளவு போட்டிருக்கும். அதில் மேக்னம் பிரைமரை மாட்டினால் அழுத்தம் ஏறிவிடும். ஒன்றுக்குக் கட்டாயம், இன்னொன்றுக்கு ஆபத்து. இரண்டுமே "மெதுவான மருந்து" என்ற ஒரே வரிசையில் இருப்பவைதான்.

எரியும் வேக வரிசை என்று ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கும். மேலே வேகமான மருந்து, கீழே மெதுவான மருந்து. பலர் சுவரில் ஒட்டிவைத்திருப்பார்கள். அதில் எது முன்னால், எது பின்னால் என்று மட்டும்தான் தெரியும். நடுவில் எவ்வளவு தூரம் என்று தெரியாது. அடுத்தடுத்த வரியில் இருக்கிறது என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டியல் அளவுப் புத்தகம் இல்லை!

எண்ணையும் நம்பாதீர்கள். ஐஎம்ஆர் 4831, ஹெச்4831 இரண்டும் ரைஃபிள் மருந்து, ஒரே எண், வேகம் வேறு வேறு. ஒன்றின் அளவை மற்றதில் போட்டால் தாங்காது. டப்பாவில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து, எண்ணுக்கு எண் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள்.

"அப்படியென்றால் மெதுவான மருந்தே வேண்டாமே, வேக மருந்துக்குப் போய்விடலாமே?" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் மெதுவான மருந்தை ஜனங்கள் தேடிப் போவதற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. வேக மருந்து கொஞ்சம்தான் தேவைப்படும். .357 கூட்டின் அடியில் சிறிதளவு கிடக்கும், மேலே எல்லாம் காலி. இரண்டு தடவை விழுந்தாலும் கூட்டுக்குள் இடம் இருக்கும்! போன் அடிக்கிறது, எடுக்கிறீர்கள், திரும்பி வந்து உட்கார்கிறீர்கள். இந்தக் கூட்டுக்குக் கொட்டினோமா இல்லையா? சந்தேகத்தில் இன்னொரு தடவை மருந்து கொட்டும் நெம்புகோலை இழுத்தால் முடிந்தது கதை. புடைப்போடு நிற்காது, உருளையே பிளந்து மேல்பட்டை பறந்துவிடும். மெதுவான மருந்து கூட்டை நிரப்பிவிடுவதால் இரண்டாம் தடவை கொட்டினால் வழிந்துவிடும். கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு விஷயத்தில் அது நமக்குத் துணைதான்.

ஆக, இரண்டு பக்கமும் பள்ளம். எந்தப் பக்கப் பள்ளம் என்று தெரிந்து நடக்க வேண்டும்.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முழு பலத்தோடு, வேகமாகப் போகும், கனமான, அடியில் செம்புத் தொப்பி வைத்த வார்ப்புக் குண்டு வேண்டுமென்றால் மட்டும் மெதுவான மருந்தை வாங்குங்கள். வாங்கினால் புத்தகம் சொன்ன அளவிலேயே போடுங்கள். பழகுவதற்கும், குழந்தை கைக்கும், காகித இலக்குக்கும் மெதுவான தோட்டா வேண்டுமென்றால் மெதுவாக எரியும் மருந்து அதற்கில்லை. பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். யூனிக் மாதிரி நடுத்தர வேக மருந்துக்கு, அந்த ஈயக்குண்டுக்கென்றே போட்ட குறைந்த அளவு புத்தகத்தில் இருக்கும். அதைப் போட்டு, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் குண்டை வையுங்கள். டெக்சாஸ்காரர் அந்த டப்பாவை வாங்கியிருந்தால் தையல் இல்லை.

இனி ஆபத்தின் அறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்துங்கள்.

சத்தம் மாறியதா? விரலை எடுங்கள்! "டமார்" என்பது "டப்" ஆனால், கை உதறல் திடீரென்று குறைந்தால், இலக்கில் புது ஓட்டை விழாவிட்டால், அடுத்த தடவை இழுக்காதீர்கள். துப்பாக்கியை இலக்கின் பக்கமே பிடித்துக்கொண்டு குறைந்தது 30 வினாடி காத்திருங்கள். தீ தாமதமாகப் பிடிக்கும் தோட்டாவும் உண்டு. பிறகு தோட்டாக்களைக் கழற்றிவிட்டு, குழலுக்குள் ஒரு கம்பியை விட்டு வழி இருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். "இன்னொரு தோட்டாவால் தள்ளிவிடலாம்" என்று எந்தப் புத்திசாலி சொன்னாலும் அவரிடமிருந்து நாலு அடி தள்ளி நில்லுங்கள்.

எரியாத மணிகள் மேசைமேல், குழலுக்குள், கூட்டுக்குள் கிடக்கின்றனவா? இரண்டொரு மணி எல்லாத் துப்பாக்கியிலும் கிடக்கும். விரலால் அள்ளும் அளவு கிடந்தால் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை.

விசையை இழுத்ததற்கும் வெடித்ததற்கும் நடுவில் இடைவெளி தெரிகிறதா? ஒரு கணம் தயங்கி வெடித்தாலே போதும். அந்த டப்பாத் தோட்டா மொத்தத்தையும் மூடிவையுங்கள்.

சுடாத தோட்டாவின் குண்டு முன்னால் நகர்ந்திருக்கிறதா? உதறல் அதிகமான மேக்னம் ரிவால்வரில் நாலு தோட்டா சுட்டபின் ஐந்தாவதைக் கழற்றிப் பாருங்கள். கூட்டின் கவ்வல் போதாவிட்டால் உதறலிலேயே குண்டு முன்னால் வந்துவிடும். கவ்வல் தளர்ந்தால் மெதுவான மருந்து பிடிக்காது. உருளையும் சுற்றாமல் சிக்கிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் இதற்கு நேர் எதிர். குண்டு உள்ளே அமுங்கும், அழுத்தம் எகிறும். இரண்டுமே கெட்டது.

கூடு கழலாமல் அடம்பிடிக்கிறதா? பிரைமர் தட்டையாகி ஓரம் நிரம்பியிருக்கிறதா? அழுத்தம் எல்லையைத் தொட்டுவிட்டது. ஆனால் ஒன்று, இந்த அறிகுறி இல்லாததால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. ரிவால்வரில் அறிகுறி வருவதற்குள் எல்லை தாண்டியிருக்கும்.

குழலுக்குள் ஈயம் கோடுகோடாக ஒட்டுகிறதா? குண்டின் அளவோ கடினமோ உங்கள் குழலுக்குப் பொருந்தவில்லை. அடியில் செம்புத் தொப்பி இல்லாத மிருதுவான குண்டை மெதுவான மருந்தின் முழு பலத்தில் விரட்டினாலும் இப்படி ஆகும். இதற்கு ஒரு பாட்டி வைத்தியம் சொல்வார்கள், கடைசியில் இரண்டு உறைக்குண்டு சுட்டால் ஈயம் போய்விடும் என்று. செய்யாதீர்கள்! ஏற்கெனவே குறுகிய குழலில் கடினமான குண்டை அனுப்பினால் அழுத்தம் ஏறும். பிரஷ் போட்டுத் தேயுங்கள், கை வலித்தால் வலிக்கட்டும்.

துப்பாக்கியின் வயதையும் கேட்டுக்கொள்ளுங்கள். .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தொழில் தரம் வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. .357 மேக்னத்துக்கு 35,000. இரண்டுக்கும் குண்டின் குறுக்களவு ஒன்றேதான்! கூடு கொஞ்சம் நீளம், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். .45 கோல்ட் இன்னும் மோசமான பொறி. 1873-இலிருந்து வரும் தோட்டா அது. அதன் தரம் 14,000. ஆனால் இன்றைய தடித்த ரிவால்வர்களுக்கு மட்டும் என்று தனியாக ஒரு பக்கம் கனமான அளவுகள் புத்தகத்தில் இருக்கும். மெதுவான மருந்து அந்தப் பக்கத்தில்தான் அதிகம் வரும். தலைப்பைப் படிக்காமல் அளவை மட்டும் குறித்துக்கொண்டு போய், தாத்தா காலத்து ரிவால்வருக்குப் போட்டால் கையில் இருப்பது துப்பாக்கி இல்லை, வெடிகுண்டு.

அளவை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் பெரிய விஷயம். வாட்ஸ்ஆப்பில் வந்த படத்திலிருந்தா? நண்பர் சொன்னதிலிருந்தா? கம்ப்யூட்டரிடம் கேட்டுப் பதில் வாங்கியா? ஒரு புள்ளி காணாமல் போனால் 4.2 என்பது 42 ஆகிவிடும். மருந்து தயாரித்த நிறுவனத்தின் இந்த வருடப் புத்தகம், அதோடு குண்டோ அச்சோ விற்ற நிறுவனத்தின் புத்தகம். இரண்டையும் ஒத்துப் பாருங்கள். மூன்றாவது இடம் தேவையில்லை.

தராசுக்குமேல் ஃபேன் ஓடக் கூடாது. ஏசி காற்று படக் கூடாது. காற்றில் தட்டு அசைந்தாலே பத்தில் ஒரு கிரெயின் தள்ளாடும். உட்காரும்போது ஒருமுறை, எழும்போது ஒருமுறை எடைக்கல் வைத்துச் சரிபாருங்கள். போனை வேறு அறையில் வையுங்கள்.

வீட்டில் இருக்கும் அம்மாக்களே, இது உங்களுக்கு. நீங்கள் அந்த மேசைப் பக்கமே போனதில்லை என்றாலும் படியுங்கள்.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், ஈரமான ஒரு குண்டு, வியர்வைத் துளி விழுந்து உள்ளே போனாலும் ஆவியாகி வெடித்து ஈயம் கூரை வரைக்கும் தெறிக்கும். பழைய கார் பேட்டரித் தகடுகளை உருக்கவே கூடாது. அதில் சேர்ந்திருக்கும் பொருள்களால் விஷவாயு வரும். இவை கண்ணுக்குத் தெரியும் ஆபத்து.

தெரியாத ஆபத்துதான் குழந்தையிடம் போகிறது. உருகிய ஈயத்துக்கு மேலே சாம்பலாக மிதக்கும் கசடைக் கரண்டியால் வழித்துப் போடுகிறார்கள் பாருங்கள், அந்தத் தூள். சுட்ட கூடுகளைச் சுத்தம் செய்யும் இயந்திரத்திலிருந்து கிளம்பும் புழுதி. பிரைமரிலும் ஈயம் உண்டு. அப்பா சட்டையில், செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வருகிறது. தவழும் குழந்தை தரையைத் தொட்டுக் கையை வாயில் வைக்கிறது. குழந்தையின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் வரம்பைக் குறைத்தது. இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லவே இல்லை! படிப்பைக் கெடுக்கும், கவனத்தைக் கெடுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். செருப்பை கேரேஜிலேயே விடச் சொல்லுங்கள். ஈயம் உருக்கிய பாத்திரம் சமையலறைக்குத் திரும்பவே கூடாது. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது குழந்தைக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்து டப்பாவையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அது வந்த டப்பாவிலேயே இருக்க வேண்டும். கண்ணாடி பாட்டிலில், காப்பித்தூள் டப்பாவில் மாற்றிவைத்திருந்தால் சத்தம் போடுங்கள். மூடியைத் திறந்தால் லேசான ஸ்பிரிட் வாசனை அடிக்கும், அது சரி. மூக்கைச் சுடும் புளித்த நெடி அடித்தால், செங்காவிப் பொடி படிந்திருந்தால், மருந்து கெட்டுக்கொண்டிருக்கிறது. அது தானாகச் சூடேறும். வீட்டுக்கு வெளியே எடுத்துவைத்துவிட்டு உள்ளூர் தீயணைப்புத் துறையைக் கேளுங்கள். அங்குள்ள தீப் பாதுகாப்பு விதிப்படி வீட்டில் 20 பவுண்டு வரை அசல் டப்பாவில் வைக்கலாம். அதற்கு மேல் போனால் ஒரு அங்குலம் தடித்த மரப்பெட்டி வேண்டும். வாட்டர் ஹீட்டர் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதை விதி பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும்?

தோட்டா டப்பாக்களை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின்மேலும் மருந்தின் பெயர், அளவு, குண்டு, பிரைமர், தேதி எழுதியிருக்கிறதா? எழுதாத டப்பா சுடுகளத்துக்குப் போகக் கூடாது. ஹெச்110, டபிள்யூ296 என்று எழுதியிருந்தால் அளவைப் புத்தகத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். 3 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், எவ்வளவு நாள் உழைத்துச் செய்த தோட்டாவாக இருந்தாலும், குண்டு பிடுங்கும் கருவியால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். இந்த வாரமே.